கோபப்படலாமா, சந்தோஷப்படலாமா: நம் உணர்ச்சிக்கு நாமே எழுதும் தீர்ப்பு

கேள்வி இதுதான்: கோபம், பொறாமை, பயம் என எது தலைகாட்டினாலும் அடுத்த நொடியே "எனக்கு இப்படித் தோன்றலாமா?" என்று மனம் அதட்டுகிறது. சந்தோஷம் வந்தாலும் "ரொம்ப ஆடாதே" என்று உள்ளே ஒரு குரல். இது எல்லோருக்கும் உள்ளதா, மாற்ற முடியுமா?

எல்லோருக்கும் உள்ளது. அளவும் திசையும்தான் ஆளுக்கு ஆள் மாறும். மெனக்கெட்டால் மாற்றவும் முடியும். ஆனால் எதை மாற்றுவது என்பதில்தான் பலர் வழி தவறிவிடுகிறார்கள். துன்பம் தரும் உணர்ச்சிகளை "எல்லாம் நன்மைக்கே" என்று பார்க்கப் பழக வேண்டும் என்று கிளம்பிவிடுகிறார்கள். அது தேவையில்லை. அவற்றைத் தப்பு என்று சொல்வதை நிறுத்தினால் போதும். கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், செய்து பார்க்கும்போது இரண்டும் வெவ்வேறு வேலை.

எமிலி வில்ரோத், ஜெரால்ட் யங், மாயா தமீர், ஐரிஸ் மாஸ் என்ற நான்கு உளவியல் ஆய்வாளர்கள் 2023-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்து குழுக்களாக மொத்தம் 1,600-க்கும் மேற்பட்டவர்கள் அதில் பங்கேற்றார்கள். ஆட்கள் தங்கள் உணர்ச்சிகளை வழக்கமாக எடைபோடும் விதம் நான்கு என்று அவர்கள் கண்டார்கள். இனிய உணர்ச்சியை நல்லது என்பது, இனியதையே கெட்டது என்பது, கசப்பான உணர்ச்சியைக் கெட்டது என்பது, கசப்பானதை நல்லது என்பது. இவை நான்கும் தனித்தனி. "என் கோபம்தான் எனக்கு உரம்" என்று நினைக்கும் ஒருவரே "இவ்வளவு கோபப்படுகிறேனே, நான் சரியில்லாத ஆள்" என்றும் நினைக்கலாம். ஒன்று ஏறினால் மற்றொன்று தானாக இறங்கிவிடும் என்று எண்ண வேண்டாம்.

நான்கில் எது மனநலத்தோடு தனியாகத் தொடர்புள்ளது என்று பார்த்தபோது இரண்டுதான் நின்றன. இனிய உணர்ச்சியை நல்லது என்று ஏற்பவர்களின் மனநலம் மேலாக இருந்தது. கசப்பான உணர்ச்சியைக் கெட்டது என்று ஒதுக்குபவர்களின் மனநலம் தாழ்ந்திருந்தது. அந்த நேரத்தில் அளந்தபோதும் பிறகு அளந்தபோதும் இப்படியே. இயல்பிலேயே கவலைப்படும் சுபாவம் எவ்வளவு, வழக்கமாக எவ்வளவு உணர்ச்சிவசப்படுபவர் என்பதையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு மறையவில்லை. தொடர்பு என்றுதான் சொல்கிறேன். இது அதற்குக் காரணம் என்று இந்த வகை ஆய்வால் மட்டும் முடிவு கட்ட முடியாது. ஆனாலும் எங்கே கை வைப்பது என்பதற்கு இது நல்ல வழிகாட்டி. கசப்பை இனிப்பு என்று சொல்லப் பாடுபடுவதைவிட, கசப்பின் மேல் எழுதும் தீர்ப்பைக் கிழிப்பதில் நேரத்தைச் செலவிடுவது மேல்.

தீர்ப்பு ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது? ஒரு சின்ன நிகழ்வைக் கிட்டத்தில் பார்க்கலாம். உங்களோடு வேலை பார்ப்பவருக்குப் பதவி உயர்வு கிடைத்த செய்தி வருகிறது. வாழ்த்துச் செய்தி தட்டச்சு செய்யும்போதே நெஞ்சுக்குள் ஓர் இறுக்கம், தாடை கெட்டிப்படுகிறது. பொறாமை, பத்துக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நொடிகளுக்குள், "சே, என்ன மனுஷன் நான்? கூடவே இருந்த ஆளுக்கு நல்லது நடந்தா சந்தோஷப்படத் தெரியலையே" என்ற வரி மனதில் ஓடுகிறது. இப்போது குற்ற உணர்வும் வெட்கமும் சேர்ந்துகொண்டு பத்துக்கு ஏழு. அந்த ஏழைத் தாங்க முடியாமல் அவரைத் தவிர்க்கிறீர்கள். தவிர்த்ததற்காக இன்னொரு முறை வருந்துகிறீர்கள். மாலையில் யாராவது என்ன ஆயிற்று என்று கேட்டால், "எனக்குப் பொறாமை அதிகம்" என்பீர்கள். உண்மையில் அன்றைய பொழுதைத் தின்றது ஐந்து அளவுள்ள பொறாமையைவிட, அதன் மேல் ஏறி உட்கார்ந்த ஏழுதான். பொறாமையைக் குறைக்க எவ்வளவு முயன்றாலும் இந்த ஏழு குறையாது, ஏனென்றால் அது பொறாமையிலிருந்து வரவில்லை, அதைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வரியிலிருந்து வருகிறது.

இப்படி, நடந்ததற்கு நேராக எழுவதை முதல் உணர்ச்சி என்றும், அந்த உணர்ச்சியின் மேல் எழுவதை இரண்டாம் உணர்ச்சி என்றும் உளவியல் சிகிச்சையில் பிரித்துப் பேசுவார்கள். பயந்ததற்காகக் கோபம், அழுததற்காக வெட்கம், கோபப்பட்டதற்காகப் பயம், சிரித்ததற்காகக் குற்ற உணர்வு எல்லாம் இரண்டாம் வகை.

இன்னொரு கெடுதல், தப்பு என்று முத்திரை விழுந்ததும் கை தானாக அதை மறைக்கப் போகும். 1993-இல் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும், அருவருப்பு தரும் மருத்துவக் காட்சியைக் காட்டி, சிலரிடம் மட்டும் முகத்தில் எதுவும் தெரியாதபடி பார்க்கச் சொன்னார்கள். முகம் அடங்கியது. உள்ளே அருவருப்பு குறையவில்லை; தோலின் வியர்வை போன்ற சில உடல் அளவுகள் கூடவே செய்தன. 1987-இல் டேனியல் வெக்னரும் உடன் ஆய்வாளர்களும் வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று ஐந்து நிமிடம் தடுத்துப் பார்த்தார்கள். தடை இருக்கும்போதே கரடி வந்தது. தடையை எடுத்த பிறகு, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. அடக்கும்போது, அது வருகிறதா என்று மனம் காவல் காக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காவலே அதை நினைவில் வைத்திருக்கிறது.

சரி, தீர்ப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? அது பெரிய கருத்தாக வராது. அரை வரியாக வரும். "சே." "இதுக்கெல்லாமா?" "இன்னுமா இதையே பிடிச்சுக்கிட்டு?" "மத்தவங்கல்லாம் சமாளிக்கலையா?" "இந்த வயசுல பயமா?" இந்த அரை வரிகளில் பெரும்பாலும் "கூடாது", "வேண்டாமா", "இன்னும்", "இவ்வளவு" என்ற சொற்களில் ஒன்று இருக்கும். அதைப் பிடித்தால் தீர்ப்பைப் பிடித்துவிடலாம்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் என்ன நடந்தது, ஒரே வரியில், கேமரா பார்த்தால் தெரியும் அளவுக்கு மட்டும். இரண்டாவதில் என்ன உணர்ச்சி, பத்துக்கு எவ்வளவு. மூன்றாவதில் அந்த உணர்ச்சியைப் பற்றி மனம் சொன்ன வரி, சொன்ன சொல்லிலேயே; நாகரிகப்படுத்தி எழுதாதீர்கள். நான்காவதில் அந்த வரிக்குப் பிறகு என்ன தோன்றியது, பத்துக்கு எவ்வளவு. ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று பதிவு போதும். ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள். இரவு வரை தள்ளினால் மூன்றாவது கட்டம் மறந்துபோகும், அதன் இடத்தில் நியாயமான ஒரு விளக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இனிய உணர்ச்சிக்கும் தினமும் ஒரு பதிவாவது கட்டாயம். பலர் இதை விட்டுவிடுவதால் பாதிப் பிரச்சினை கண்ணில் படுவதே இல்லை.

எழுத ஆரம்பித்ததும் முதலில் தடுமாறுவது இரண்டாவது கட்டத்தில்தான். "என்னை மதிக்கவில்லை என்று உணர்ந்தேன்" என்று எழுதுவார்கள். அது உணர்ச்சியாகாது, அடுத்தவரைப் பற்றிய ஊகம். அந்த ஊகத்தால் எழுந்தது அவமானமா, கோபமா, வருத்தமா என்பதை எழுத வேண்டும். இன்னும் சிலர் எல்லாவற்றுக்கும் "மனசு சரியில்லை" என்று எழுதிவிடுவார்கள். கவலை, ஏமாற்றம், எரிச்சல், சலிப்பு, தனிமை, ஆற்றாமை, ஏக்கம், கூச்சம் என்று பிரித்துச் சொல்லப் பழகுங்கள். உணர்ச்சிகளை நுணுக்கமாகப் பிரித்தறிபவர்கள், துன்பம் வந்த நேரத்தில் குடி, அடிதடி போன்றவற்றில் குறைவாகவே இறங்குகிறார்கள் என்று இந்தத் துறையின் ஆய்வுகள் காட்டுகின்றன. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் அது பிறக்கும் நிலைக்களன் நான்கு காட்டும். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் இகழ்ந்ததால், இழந்ததால், முன்பிருந்த நிலை தளர்ந்ததால், இல்லாமையால். உங்கள் வருத்தம் இந்த நான்கில் எதிலிருந்து வருகிறது என்று கேட்டாலே "சே, இதுக்கெல்லாமா" என்ற வரி வலுவிழக்கும். நகையையும் அழுகையையும் உயர்வு தாழ்வு சொல்லாமல் ஒரே வரிசையில் வைத்திருப்பதும் கவனிக்கத் தக்கது.

ஒரு வாரம் எழுதியதும் நோட்டை எடுத்து, இரண்டாவது கட்டத்து எண்ணையும் நான்காவது கட்டத்து எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். எந்தெந்த உணர்ச்சிக்கு நான்காவது எண் பெரிதாக வருகிறது என்று வட்டமிடுங்கள். பெரும்பாலும் எல்லா உணர்ச்சியும் அப்படி வராது. ஒருவர் வருத்தத்தைச் சாதாரணமாக விட்டுவிடுவார், கோபத்தை மட்டும் விடமாட்டார். இன்னொருவருக்குக் கோபம் சரி, பயம்தான் கேவலம். வேலை செய்ய வேண்டியது வட்டமிட்ட ஒன்றிரண்டில் மட்டும்தான். எல்லா உணர்ச்சியையும் ஒரே மூச்சில் சீர்திருத்தக் கிளம்புபவர்கள் பத்தாம் நாள் நோட்டை மூடிவிடுவார்கள்.

இனி மாற்றுவதற்கு வருவோம். "இந்த உணர்ச்சி நல்லதா கெட்டதா" என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் சிக்கிக் கிடக்கின்றன. பிடிக்கிறதா? நடந்ததற்குப் பொருந்துகிறதா? என்ன செய்யப் போகிறேன்? மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பொறாமை பிடிக்கிறதா? இல்லை, கசக்கிறது. கசப்பதாலேயே அது குற்றமாகிவிடாது. பொருந்துகிறதா? நானும் விரும்பிய ஒன்று அடுத்தவருக்குக் கிடைத்திருக்கிறது, பொருந்துகிறது. அவர் குறுக்கு வழியில் வாங்கினார் என்று நானே கற்பனை செய்து கொதித்தால், அந்தக் கோபம் பொருந்தவில்லை. என்ன செய்யப் போகிறேன்? இங்கேதான் நல்லது கெட்டது வருகிறது. வாழ்த்தை அனுப்புவது நல்லது, அவரைப் பற்றிப் புறம் பேசுவது கெட்டது. உணர்ச்சியைப் பற்றிய தீர்ப்பை விட்டால் நடத்தையின் கட்டுப்பாடும் போய்விடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. அந்த அச்சம் புரிகிறது. ஆனால் கோபம் வந்ததற்கே தன்னைத் திட்டிக்கொள்பவருக்கு, கோபத்தை எப்படிக் காட்டுவது என்று யோசிக்க மனதில் இடம் மிஞ்சுவதில்லை. பிரித்துக் கேட்பவருக்குத்தான் அது மிஞ்சும்.

பிரித்துக் கேட்ட பிறகு மூன்றாவது கட்டத்து வரிக்கு மாற்று வரி எழுதுங்கள். "சே, என்ன மனுஷன் நான்" என்பதற்குப் பதில், "பொறாமையா இருக்கு. கசக்குது. இந்த நேரத்துல இது வரத்தான் செய்யும்." மூன்று சிறு வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். முதல் வாக்கியம் பெயர், இரண்டாவது அதன் சுவை, மூன்றாவது அதற்கு இடம். "பொறாமை என்னை முன்னேற்றும்" என்று நான்காவதாகச் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். அது இன்னொரு தீர்ப்பு, மனமும் அதை நம்பாது. பிறகு இரண்டு மூன்று நிமிடம், உடம்பில் எங்கே தெரிகிறது என்று மட்டும் கவனியுங்கள். தொண்டையா, தாடையா, வயிறா. அதன்பின் செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்பிவிடுங்கள். உணர்ச்சி கூடவே வரட்டும்.

இந்த இடத்தில் பயிற்சி கெட்டுப்போகும் வழிகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, ஏற்றுக்கொள்வதையே விரட்டும் உபாயமாக்குவது. மூன்று வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, "போயிருச்சா?" என்று நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்ப்பார்கள். எட்டிப்பார்ப்பதே காவல்தான், வெள்ளைக் கரடி கதை திரும்ப ஓடும். அன்றைக்குள் மறுபடி எண் போடாதீர்கள். இரண்டாவது, உணர்ச்சியோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு அதையே அசைபோடுவது. வேறுபாடு எளிது. உடம்பையும் உணர்ச்சியின் பெயரையும் கவனித்தால் அதோடு இருக்கிறீர்கள். "ஏன் எனக்கு மட்டும்", "அவர் ஏன் அப்படிச் சொன்னார்" என்று கதை நீண்டால் அசைபோடுகிறீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் எழுந்து கைவேலை ஒன்றில் இறங்குவது மேல். மூன்றாவது, தீர்ப்பு சொன்னதற்கே தீர்ப்பு. "மறுபடியும் என்னையே திட்டிக்கிட்டேன், இதுகூட வரலை எனக்கு." இதையும் மூன்றாவது கட்டத்தில் எழுதிவிட்டு நகர வேண்டியதுதான்.

நான்காவதாக ஒன்று, அதுதான் பெரிது. உணர்ச்சியை ஏற்பதை நிலைமையை ஏற்பதாக எடுத்துக்கொள்வது. பிரெட் ஃபோர்டும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் இவ்விரண்டையும் பிரித்தே பார்த்தார்கள். ஒரு பகுதியில், வேலைக்கு விண்ணப்பிப்பது போன்ற சூழலில் இரண்டே நிமிடம் தயார் செய்துகொண்டு கேமரா முன் மூன்று நிமிடம் பேச வைத்தார்கள். இன்னொரு பகுதியில் இரண்டு வாரம் அன்றன்றைய நெருக்கடிகளை எழுத வைத்து, ஆறு மாதம் கழித்து மனநலத்தை அளந்தார்கள். தங்கள் எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் தீர்ப்பு சொல்லாமல் ஏற்கும் பழக்கமுள்ளவர்களுக்கு நெருக்கடியின்போது கசப்பு குறைவாக எழுந்தது, பின்னாளில் மனநலமும் மேலாக இருந்தது. இந்த நன்மை, உணர்ச்சியை ஏற்பதோடு சேர்ந்தது. நடப்பதெல்லாம் சரி என்று நிலைமையை ஏற்பதோடு அல்ல. உங்களை ஒருவர் தொடர்ந்து அவமதித்தால், கோபம் வருவதை ஏற்றுக்கொள்ளுங்கள், அவமதிப்பை ஏற்காதீர்கள். அடி உதை உள்ள இடத்தில் பயம் எழுந்தால், அந்தப் பயம் சொல்வதைக் கேட்டு அங்கிருந்து வெளியேறும் வழியைத் தேடுங்கள். அங்கே உட்கார்ந்து பயத்தைக் கவனிப்பது பயிற்சியாகாது.

இனிய உணர்ச்சிகளின் மேலான தீர்ப்பு அமைதியானது, அதனால் பலரும் கவனிப்பதில்லை. "இது எவ்வளவு நாளைக்கு?" "இதுக்குப் போய் இவ்வளவு சந்தோஷமா?" "அவ கஷ்டப்படும்போது நான் சிரிக்கலாமா?" "ரொம்ப சிரிச்சா அழ வேண்டிவரும்." கடைசி வரி ஏதோ ஓர் இடத்துக்கு மட்டும் உரியதன்று. மகிழ்ச்சியைக் கண்டு அஞ்சும் எண்ணம் உலகின் பல பண்பாடுகளில் இருப்பதை மொஹ்சென் ஜோஷன்லூவும் டான் வைஜர்ஸும் 2014-இல் தொகுத்துக் காட்டினார்கள். வந்த மகிழ்ச்சியை இப்படித் தண்ணீர் தெளித்து அணைக்கும் பழக்கம் மனச்சோர்வு உள்ளவர்களிடம் அதிகம் என்று 2008-இல் கிரெக் ஃபெல்ட்மன் குழுவினர் கண்டார்கள்.

இதற்கான பயிற்சி சின்னது. நல்ல உணர்ச்சி எழும் நேரத்தில் கை செல்போனுக்குப் போகும் முன் அரை நிமிடம் அங்கேயே நில்லுங்கள். "சந்தோஷமா இருக்கு. இருக்கட்டும்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நல்ல செய்தியைப் பிறரிடம் பகிர்வது, அந்தச் செய்தி தந்த மகிழ்ச்சிக்கு மேலும் மகிழ்ச்சி சேர்க்கிறது என்று ஷெல்லி கேபிள் குழுவினரின் 2004-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆனால் ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். கேட்பவர் ஆர்வத்தோடு கேட்டால்தான் அந்த நன்மை. "அப்படியா" என்று முகம் திருப்பிக்கொள்பவரிடம் சொன்னால் அவர் தீர்ப்பும் உங்கள் தீர்ப்போடு சேர்ந்துகொள்ளும்.

மகிழ்ச்சியை நல்லது என்று ஏற்பதும், மகிழ்ச்சியாக இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் வேறு வேறு. 2011-இல் ஐரிஸ் மாஸ் குழுவினர், மகிழ்ச்சியின் பெருமையைச் சொல்லும் கட்டுரை ஒன்றைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு மகிழ்ச்சியான படக்காட்சியைக் காட்டினார்கள். படித்தவர்கள், படிக்காதவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ந்தார்கள். எதிர்பார்ப்பு ஏறியதால் வந்த மகிழ்ச்சி போதவில்லை, போதாததால் ஏமாற்றம். "இவ்வளவு நல்லது நடந்தும் ஏன் எனக்குப் பெரிசா ஒண்ணும் தோணலை?" என்ற வரி உங்கள் மூன்றாவது கட்டத்தில் வந்தால் இது காரணமாக இருக்கலாம். அந்த மந்தமான உணர்ச்சிக்கும் அதே மூன்று வாக்கியம்தான்.

இந்தத் தீர்ப்புகள் எங்கிருந்து வந்தன என்பதை அதிகம் தோண்டத் தேவையில்லை. பாதி, வளர்ந்த வீட்டிலிருந்து வருவது. குழந்தை அழுதால் "எதுக்கு அழுவுற?" என்று அதட்டும் வீடும், "பொம்மை உடைஞ்சதுக்கு வருத்தமா இருக்கா?" என்று பெயர் சொல்லிக் கேட்கும் வீடும் இரண்டு வேறு பாடங்களைச் சொல்லித்தருகின்றன. ஜான் காட்மன் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சிக்குப் பெயர் சொல்லி வழிகாட்டிய பெற்றோரின் பிள்ளைகள் 8 வயதில் படிப்பிலும் தங்களைத் தாங்களே அமைதிப்படுத்திக்கொள்வதிலும் மேலாக இருந்தார்கள். வீட்டில் குழந்தை இருந்தால் செய்ய வேண்டிய வரிசை இதுதான்: முதலில் உணர்ச்சியின் பெயர், அடுத்து எல்லை. "தம்பி மேல கோபமா இருக்க, சரி. அடிக்கக் கூடாது." எல்லையை முதலில் சொன்னால் கோபமே தப்பு என்றுதான் அதன் காதில் விழும்.

முன்னேற்றம் எப்படித் தெரியும்? நான்காவது கட்டத்து எண்தான் முதலில் இறங்கும். பொறாமை ஐந்தாகவே இருக்கும், வெட்கம் ஏழிலிருந்து மூன்றுக்கு வரும். இதைப் பார்த்து, "பொறாமை குறையவில்லையே" என்று விட்டுவிடாதீர்கள். பயிற்சி சரியாக நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

வருத்தமோ எதிலும் நாட்டமின்மையோ நாளின் பெரும்பகுதி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கம், பசி, வேலை எல்லாம் குலைந்தால், நோட்டு மட்டும் போதாது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே, தள்ளிப்போடாமல். பழைய கொடுமை ஒன்றின் நினைவு, கவனிக்கக் கவனிக்கப் பெருகிக்கொண்டே போனாலும் தனியாகத் தொடராதீர்கள். போகும்போது நோட்டையும் எடுத்துச் சென்று மூன்றாவது கட்டத்தைக் காட்டுங்கள். வாயால் சொல்லும்போது விட்டுப்போகும் வரிகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.